மானுடவாதம்: இரக்கத்தைத் தாண்டி இருக்கும் விஷயம்

கல்வி பற்றிய எந்தப் பேச்சிலும் மானுடவாதம் ஒருமுறையாவது வந்துவிடும். மாணவர்களிடம் அன்பாக இருக்க வேண்டும், இல்லாதவர்களுக்கு உதவ வேண்டும், பாடத்தோடு நல்ல குணத்தையும் சொல்லித் தர வேண்டும் என்று பேச்சு போகும். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு பள்ளியையோ ஒரு சட்டத்தையோ எடைபோட முடியுமா என்று கேட்டால் பதில் வராது. எல்லா நல்ல குணங்களையும் ஒரே பெயரில் போட்டுக் கட்டிவிட்டால், அந்தப் பெயருக்கென்று தனியாக ஒரு வேலையும் மிஞ்சாது.

மானுடவாதத்துக்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது. ஒரு மனிதரைப் பற்றிய முடிவை யார் எடுப்பது, எதை வைத்து எடுப்பது என்ற கேள்விக்கு அது தெளிவான ஒரு பதிலைச் சொல்கிறது. இரக்கம் அந்தப் பதிலிலிருந்து கிளைக்கலாம். அதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது.

இரண்டு மருத்துவர்கள்

இரண்டு மருத்துவர்களை எடுத்துக்கொள்வோம். இருவருமே திறமைசாலிகள், கனிவானவர்கள். முதலாமவர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்துவிடுகிறார். இரண்டாமவர் எடுத்த படத்தை எதிரில் வைத்து விளக்குகிறார்: கட்டி இங்கே இருக்கிறது, அறுத்து எடுத்தால் இந்த நன்மை, இந்த ஆபத்து, மருந்தோடு சமாளித்தால் இப்படிப் போகலாம். என் கருத்து இது, முடிவு உங்களுடையது என்கிறார்.

இரக்கத்தில் இருவருக்கும் வித்தியாசமில்லை. சொல்லப்போனால் முதலாமவரைத்தான் பலருக்கும் பிடிக்கும். ஆனால் நோயாளி யார் என்பதில் இருவரின் பார்வையும் வேறு. முதலாமவருக்கு அவர் கவனித்துக்கொள்ளப்பட வேண்டியவர். இரண்டாமவருக்கு அவர் விவரம் சொன்னால் புரிந்துகொண்டு, தன் வாழ்க்கை பற்றித் தானே முடிவெடுக்கக்கூடியவர். இந்த இரண்டாவது பார்வையைத்தான் மானுடவாதம் என்கிறோம்.

இனி இலக்கணத்தைச் சொல்லிவிடலாம். மானுடவாதம் என்பது மூன்று எண்ணங்கள் சேர்ந்தது. மனிதராகப் பிறந்த ஒரே காரணத்தால் ஒவ்வொருவருக்கும் சமமான மதிப்பு உண்டு. ஒவ்வொருவருக்கும் யோசித்து முடிவெடுக்கும் ஆற்றல் உண்டு, அதைப் பயிற்சியால் வளர்க்க முடியும். ஆகவே மனித வாழ்க்கை பற்றிய கேள்விகளுக்கு, ஆதாரம் பார்த்து, காரணம் சொல்லி, ஒருவரோடு ஒருவர் பேசி விடை தேட வேண்டும்.

நடுவில் இருக்கிற எண்ணத்தைச் சற்றுக் கவனியுங்கள். யோசிக்கும் ஆற்றல் பிறவியிலேயே முழுதாக வந்துவிடுமென்றால் பள்ளிக்கூடமே வேண்டாம். சிலருக்குத்தான் அது வரும் என்றால் எல்லாருக்கும் பள்ளிக்கூடம் வேண்டாம். எல்லாரிடமும் இருக்கிறது, வளர்த்தால்தான் வளரும் என்பதால்தான் மானுடவாதமும் கல்வியும் ஆரம்பத்திலிருந்தே கைகோத்து நடக்கின்றன.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: எதிரில் இருப்பவரை முடிவெடுக்கக்கூடிய ஆளாக நடத்துவதுதான் மானுடவாதத்தின் அடையாளம்.

ஒரு கள்ள ஆவணமும் ஒரு சொல்லும்

இந்தப் பார்வை வரலாற்றில் எப்படி வேலை செய்தது என்று பார்க்க இத்தாலிக்குப் போக வேண்டும். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் அங்கே பழைய லத்தீன், கிரேக்கச் சுவடிகளைத் தேடித் தேடிப் படிக்கும் ஒரு கூட்டம் உருவானது. இலக்கணம், பேச்சுக்கலை, வரலாறு, கவிதை, அறவியல் ஆகிய ஐந்தும் அவர்களுடைய பாடங்கள். பழைய கருத்துகளைப் பிறர் எழுதிய சுருக்கங்களிலிருந்து கற்பதைவிட மூல நூலையே கையில் எடுத்து, அது எந்தக் காலத்து மொழி, யார் யாருக்காக எழுதியது என்று பார்ப்பது அவர்களுடைய பழக்கம்.

வெறும் புத்தகப் பைத்தியம்போலத் தோன்றும். அதன் பலம் 1440இல் தெரிந்தது.

அன்றைய போப்பாண்டவர்கள் தங்கள் அரசியல் அதிகாரத்துக்கு ஆதாரமாகக் காட்டிவந்த ஆவணங்களில் ஒன்று, 4ஆம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒரு தானப் பத்திரம். பேரரசின் மேற்குப் பகுதியையே அவர் போப்பாண்டவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக அது சொன்னது. லொரென்சோ வல்லா என்ற மொழியறிஞர் அதை வரிவரியாகப் படித்தார். ரோம அதிகாரிகளோடு 'சத்ரப்' என்ற பதவியும் அதில் வருகிறது. அது பாரசீகத்து ஆளுநர்களைக் குறிக்கும் சொல். கான்ஸ்டன்டைன் காலத்து ரோம அரசு ஆவணத்தில் அதற்கு இடமே இல்லை. கான்ஸ்டான்டினோப்பிள் என்ற நகரமே உருவாகியிராத சமயத்தில் எழுதப்பட்டதாகச் சொல்லும் பத்திரத்தில் அந்த நகரத்தின் பெயர் இருக்கிறது. லத்தீன் நடையும் 4ஆம் நூற்றாண்டுக்குப் பொருந்தவில்லை. பத்திரம் போலி என்று வல்லா எழுதினார். அது 8ஆம் நூற்றாண்டு வாக்கில் உருவாக்கப்பட்டது என்பதுதான் இன்றைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

வல்லாவுக்கு இதில் சொந்தக் கணக்கும் இருந்தது என்பதை மறைக்க வேண்டாம். போப்பாண்டவரோடு பகையில் இருந்த, நேப்பிள்ஸ் அரியணைக்கு உரிமை கோரிய மன்னர் அல்ஃபோன்சோவிடம் அப்போது அவர் வேலை பார்த்தார். ஆனால் அவர் வைத்த வாதத்தைச் சரிபார்க்க அவருடைய நோக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. லத்தீன் தெரிந்த யாரும் பத்திரத்தை எடுத்துப் படித்து, அந்தச் சொல் அங்கே இருக்கிறதா, அது எந்தக் காலத்துச் சொல் என்று தானே பார்த்துக்கொள்ளலாம். வல்லாவை நம்பச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்கிறது அந்த வாதம். சொல்பவரின் பதவி எடுபடாமல், காட்டும் ஆதாரம் மட்டும் எடுபடுகிற இந்த வழிக்கு மூலத் திறனாய்வு என்று பெயர். மானுடவாதம் கல்விக்குக் கொடுத்த கருவிகளில் இதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன்.

மாந்துவாவில் ஒரு பள்ளி

அதே காலத்தில் இந்தப் பார்வை குழந்தைகளின் பள்ளிக்கும் வந்துவிட்டது. வித்தொரினோ தா ஃபெல்த்ரே என்ற ஆசிரியர் 1423இல் இத்தாலியின் மாந்துவா நகர ஆட்சியாளரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அழைக்கப்பட்டார். அவர் பள்ளி நடத்திய மாளிகைக்கு 'மகிழ்ச்சி வீடு' என்று பொருள்படும் பெயர் நிலைத்தது. பிரபுக்களின் பிள்ளைகளோடு ஏழைப் பிள்ளைகளும் கட்டணமின்றி அங்கே படித்தார்கள். ஆட்சியாளரின் மகள் செசிலியா கிரேக்கம் கற்றாள். ஓட்டம், நீச்சல், விளையாட்டு எல்லாம் பாடத்தின் பகுதியாக இருந்தன. அடித்துத் திருத்துவதை வித்தொரினோ கூடியவரை தவிர்த்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் எது வரும், எது வராது என்று கவனித்துப் பாடத்தை மாற்றினார்.

இதில் நான் மெச்சுவது விளையாட்டையோ மகிழ்ச்சியையோ அல்ல. ஏழையும் பிரபுவும் ஒரே பாடத்தைப் படித்தார்கள் என்பதைத்தான். உனக்கு இவ்வளவு போதும் என்று பிறப்பைப் பார்த்து அளந்து கொடுக்கும் வழக்கம் அந்த வீட்டுக்குள் கொஞ்சமாவது தளர்ந்தது.

பெயர் வந்தது ஒரு பாடத்திட்டச் சண்டையில்

இவர்கள் யாரும் தங்கள் கொள்கையை மானுடவாதம் என்று அழைக்கவில்லை. அந்தப் பெயரை அதன் இன்றைய வடிவில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் நீட்ஹாமர் என்ற ஜெர்மன் கல்வியாளர், 1808இல். பள்ளிகளில் தொழிலுக்கு உதவும் பாடங்களை முன்னிறுத்த வேண்டும் என்று ஓர் அணி அப்போது வாதாடியது. பழைய மொழிகளும் இலக்கியமும்தான் மனிதரை முழு மனிதராக்கும் என்று எதிரணி சொன்னது. நீட்ஹாமர் இரண்டாம் அணியின் பக்கம் நின்று வைத்த பெயர் இது. ஆக, அன்பு பற்றிய பேச்சில் பிறந்த பெயர் அல்ல, பாடத்திட்டம் பற்றிய விவாதத்தில் பிறந்த பெயர்.

அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. வேலைக்கான படிப்பா, மனிதருக்கான படிப்பா என்று இன்றும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் கேள்வியே கோணலாக இருக்கிறது. அடுத்த ஆண்டே, 1809இல், ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் கல்வித் துறைக்குப் பொறுப்பாக இருந்த வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ட் இதற்கு நல்ல வழி காட்டினார். மேசை செய்யத் தெரிந்துகொள்வது அறிஞருக்கு எவ்வளவு பயன்படுமோ, கிரேக்கம் கற்றது தச்சருக்கும் அவ்வளவாவது பயன்படலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். தச்சருக்குத் தச்சு தெரிய வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அவர் குடிமகனும்கூட. வாக்களிப்பார், பிள்ளை வளர்ப்பார், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். அந்த வேலைகளுக்கு உளியும் இழைப்புளியும் போதாது. எழுதியிருப்பதன் உள்ளே புகுந்து படிக்கத் தெரிய வேண்டும்.

இதுவரை வந்த பாதை சுருக்கமாக: மூலத்தை நீயே பார் என்ற பழக்கம் முதலில் வந்தது, அப்புறம் அது பள்ளிக்குள் நுழைந்தது, அதற்கும் பின்னால்தான் பெயர் வந்தது.

ஒரு தப்பான விடையை என்ன செய்வது?

சரி, ஒரு சாதாரண வகுப்பறையில் இது எப்படி இருக்கும்? கணக்கு வகுப்பையே எடுத்துக்கொள்கிறேன். மானுடவாதம் என்றால் இலக்கியமும் வரலாறும்தான் என்று நினைப்பவர்களுக்கு அது ஒரு பதிலாகவும் இருக்கும்.

ஒரு மாணவி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறாள். மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டிவிட்டாள். கண்டிப்பான ஆசிரியர் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டு, 5/6 என்று எழுதச் சொல்வார். அன்பான ஆசிரியர், "பரவாயில்லை கண்ணு, அடுத்த தடவை சரியாகப் போடு" என்று சொல்லிவிட்டு அதே 5/6ஐ எழுதிக் கொடுப்பார். முதலாமவர் முகத்தைச் சுளித்தார், இரண்டாமவர் சிரித்தார். மாணவிக்குக் கிடைத்தது என்னவோ ஒன்றுதான்: வேறொருவர் கொடுத்த விடை.

மூன்றாவது ஆசிரியர் கேட்கிறார்: "2/5 என்பது பாதியைவிடப் பெரியதா, சின்னதா?" மாணவி யோசிக்கிறாள். ஐந்தில் பாதி இரண்டரை. இரண்டு அதைவிடக் குறைவு. "சின்னது" என்கிறாள். "நீ பாதியோடு இன்னும் கொஞ்சத்தைச் சேர்த்தாய். சேர்த்த பிறகு எப்படிக் குறைந்தது?" மாணவி தன் தாளையே மறுபடியும் பார்க்கிறாள். விடை தப்பு என்று இப்போது ஆசிரியர் சொல்லத் தேவையில்லை. அவளே கண்டுபிடித்துவிட்டாள். ஒரு விடையைத் தானே சோதித்துப் பார்க்கும் வழியும் அவள் கைக்கு வந்துவிட்டது. 5/6 என்ற எண்ணை அவள் மறந்துபோகலாம், இந்த வழியை அவ்வளவு சுலபமாக மறக்கமாட்டாள்.

மூன்றாவது ஆசிரியர் கண்டிப்பானவரா, கனிவானவரா என்று நான் சொல்லவில்லை. எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த மாணவி காரணம் புரிந்துகொள்ளக்கூடியவள் என்று அவர் நம்பினார், அதற்கு ஏற்ப ஒரு கேள்வி வைத்திருந்தார். அந்தக் கேள்வியைத் தயாரிக்கப் பின்னங்கள் பற்றி அவருக்கு ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிடுவதுதான் மானுடவாதக் கல்வி என்று ஒரு பேச்சு உண்டு. 20ஆம் நூற்றாண்டில் கார்ல் ரோஜர்ஸ் போன்ற உளவியலாளர்கள் கற்பவரை மையத்தில் வைக்க வேண்டும் என்று எழுதியதை அரைகுறையாகப் படித்ததிலிருந்து வந்தது அது. உண்மையில் இந்த முறையில் ஆசிரியருக்கு வேலை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

செங்கல் என்ற சொல்

எழுத்தறிவில் இதே பார்வை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரேசில் ஓர் உதாரணம். பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளர் 1960களின் தொடக்கத்தில் அங்கே உழைக்கும் மக்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். முதலில் எழுத்து வராது. கட்டட வேலை நடக்கும் இடத்தின் படம் ஒன்றைக் காட்டி, இதில் என்ன நடக்கிறது, யார் வேலை செய்கிறார்கள் என்று பேச்சு தொடங்கும். அதன் பிறகு செங்கல் என்று பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல் வரும். அதை அசைகளாகப் பிரிப்பார்கள். அந்த அசைகளைக் கலைத்துப் போட்டுப் புதிய சொற்களைக் கற்பவர்களே கட்டுவார்கள்.

1963இல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேர் ஏறத்தாழ 40 மணி நேரத்தில் இந்த முறையில் எழுதப் படிக்கக் கற்றார்கள். அன்றைய பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. ஆகவே ஒருவர் எழுத்துக் கற்றால் அவர் வாக்காளராகிவிடுகிறார். 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃப்ரெய்ரே கைதானார், பிறகு நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. கல்வியில் மானுடவாதம் என்பது மேடை அலங்காரம் மட்டுமாக இருந்திருந்தால் அவரைச் சிறையில் போட யாருக்கும் அவசியம் இருந்திருக்காது.

சமூகத்துக்கு வந்தால்

வகுப்பறையில் விடையைச் சோதிக்கும் உரிமை என்றால், சமூகத்தில் அதிகாரத்தைச் சோதிக்கும் உரிமை. 1764இல் சேசரே பெக்காரியா என்ற இத்தாலியர் குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சித்திரவதை செய்து உண்மையை வரவழைக்கும் வழக்கத்தை எதிர்த்து எழுதினார். பாவம், வலிக்கும் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. வலியைத் தாங்கும் பலசாலிக் குற்றவாளி தப்பிவிடுவான், தாங்க முடியாத அப்பாவி குற்றத்தை ஒப்புக்கொள்வான், ஆகவே இந்த வழியில் உண்மை கிடைக்காது என்று காரணம் காட்டினார். இரக்கம் கொண்டவர் மட்டுமல்ல, இரக்கமே இல்லாத நீதிபதியும் பதில் சொல்ல வேண்டிய வாதம் இது.

1785இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் இதற்கு ஒரு விதி வகுத்தார்: எந்த மனிதரையும் இன்னொரு காரியத்துக்கான கருவியாக மட்டும் நடத்தாதே. 'மட்டும்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாம் எல்லாரும் ஒருவரை ஒருவர் பயன்படுத்திக்கொள்கிறோம். ஓட்டுநர் நமக்குப் பயணம், நாம் அவருக்குச் சம்பளம். அதில் தவறில்லை. அவருக்கும் சொந்த முடிவுகள் உண்டு என்பதை மறந்து, இயந்திரத்தைப் போல ஓட்ட வைத்தால் தவறு.

அந்த விதி மீறப்பட்டால் எங்கே போய் முடியும் என்பதை நாஜி முகாம்களில் கைதிகள்மீது நடந்த மருத்துவச் சோதனைகள் காட்டின. அந்த மருத்துவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றம் 1947இல் தன் தீர்ப்போடு பத்து நெறிகளை வெளியிட்டது. சோதனைக்கு உட்படுபவர் விவரம் அறிந்து, சுயமாகச் சம்மதிக்க வேண்டும் என்பது முதல் நெறி. இதைத் தகவலறிந்த ஒப்புதல் என்கிறார்கள். மருத்துவமனைகளில் சிகிச்சைக்கு முன் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கும் நடைமுறைக்குப் பின்னால் இருப்பதும் இதே கருத்துதான்.

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தில் இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. அதன் 26ஆவது பிரிவு கல்வியை எல்லாருக்குமான உரிமை என்று சொல்வதோடு, மனித ஆளுமையின் முழு வளர்ச்சியே கல்வியின் நோக்கமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்திய அரசியலமைப்பில் 1976இல் சேர்த்த அடிப்படைக் கடமைகளிலும் மானுடவாதம் பெயர் சொல்லி இடம்பெறுகிறது. அது நிற்கும் இடத்தைப் பாருங்கள்: அறிவியல் மனப்பான்மைக்கும், கேள்வி கேட்டுச் சீர்திருத்தும் உணர்வுக்கும் நடுவில். எழுதியவர்கள் அதை அன்னதானத்தோடு சேர்க்கவில்லை.

மதத்துக்கு எதிரியா?

அடிக்கடி வரும் சந்தேகம் இது. வரலாற்றைப் பார்த்தால் நேரான பதில் உண்டு. 1516இல் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை அச்சில் கொண்டுவந்த எராஸ்மஸ் ஒரு கத்தோலிக்கக் குரு. போலிப் பத்திரத்தைத் தோலுரித்த வல்லாவே பின்னாளில் போப்பாண்டவரின் அலுவலகத்தில் பணிபுரிந்தார். மூலத்தைச் சரியாகப் படிப்பது நம்பிக்கைக்குச் செய்யும் தொண்டு என்றே எராஸ்மஸ் நினைத்தார்.

20ஆம் நூற்றாண்டில் இன்னொரு கிளை வளர்ந்தது. கடவுளையோ மறைநூலையோ துணைக்கு அழைக்காமலே மனிதர்கள் நல்லபடியாக வாழ முடியும், அறத்துக்குக் காரணம் சொல்ல முடியும் என்பது அதன் நிலை. இதற்கு மதச்சார்பற்ற மானுடவாதம் என்று பெயர். 1952இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக மாநாட்டில் இதற்கென ஓர் அறிக்கையும் சர்வதேச அமைப்பும் உருவாயின. ஆக, மானுடவாதிகளில் இறை நம்பிக்கை உள்ளவர்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு. 'எழுதியிருக்கிறது, ஆகவே கேள்வி கேட்காதே' என்ற வாதத்தை இரு சாராருமே ஏற்கமாட்டார்கள்.

மனிதர்தான் பெரியவர், மற்ற உயிர்களெல்லாம் அவருக்கு அடிமை என்பதும் மானுடவாதம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி எழுதியவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் யோசிக்கும் ஆற்றல் உண்டு என்பதிலிருந்து பொறுப்பும் வருகிறது, காட்டை அழிக்கும் உரிமை அதிலிருந்து வரவில்லை.

யாரெல்லாம் மனிதர்?

மானுடவாதத்தின் மீது வைக்கக்கூடிய கடுமையான குற்றச்சாட்டு வேறு. மனிதர் என்று சொல்லிக்கொண்டே பெரும்பாலான மனிதர்களை அது நெடுங்காலம் வெளியே நிறுத்தியிருந்தது. மனித மேன்மை பற்றி எழுதிய அதே ஐரோப்பா அடிமை வியாபாரம் செய்தது. மாந்துவாவில் கிரேக்கம் கற்ற செசிலியா அந்தக் காலத்தில் அபூர்வம். பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குப் பொதுவாகக் கதவைத் திறக்க 19ஆம் நூற்றாண்டு ஆயிற்று.

இந்தக் குறையை விளக்கம் சொல்லி மூடிவிட முடியாது. திருத்தலாம், திருத்தியும் இருக்கிறார்கள். மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவைத் தயாரித்தபோது ஆங்கில வரைவில் 'ஆண்கள் அனைவரும்' என்றும் பொருள் கொள்ளக்கூடிய சொற்கள் இருந்தன. மனிதர் எல்லாரையும்தான் அது குறிக்கிறது என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா விடவில்லை. அந்த வாசகத்தைக் காட்டியே பெண்களை ஒதுக்க முடியும் என்று அவர் வாதாடினார். 'மனிதப் பிறவிகள் அனைவரும்' என்ற பொருளில் வாசகம் மாறியது. ஆவணத்தை எடுத்து, ஒரு சொல்லைச் சுட்டி, அதன் விளைவைக் காட்டி வாதிடுவது மானுடவாதத்தின் சொந்த வழிமுறை. அதையே அதன் மீது திருப்பிப் பிடித்தார் அவர்.

ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில்?

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு கேள்வி எழும். ஒவ்வொரு மாணவியின் பின்னக் கணக்கோடும் உட்கார்ந்து பேச நேரம் எங்கே? நியாயமான கேள்வி. பெரிய வகுப்பும் நிறைந்த பாடத்திட்டமும் இருக்கும் இடத்தில் எந்தக் கொள்கையும் மூச்சுத் திணறும்.

ஆனால் வினாத்தாளை மாற்ற முடியும், அது ஐம்பது பேரையும் ஒரே நேரத்தில் தொடும். வரலாற்றுத் தேர்வில் ஒரே நிகழ்ச்சியைப் பற்றி இருவர் எழுதிய இரண்டு பத்திகளைக் கொடுத்து, எதை எவ்வளவு தூரம் நம்பலாம், ஏன் என்று ஒரு கேள்வி வைக்கலாம். எந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்தாலும் காரணத்துக்குத்தான் மதிப்பெண். கணக்குத் தேர்வில், தப்பாகப் போட்ட ஒரு கணக்கை முழுதாக அச்சடித்து, எந்த வரியில் தவறு, அந்த விடை தப்பு என்று கணக்கை மறுபடியும் போடாமலே எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்கலாம். தேர்வில் வருவதைத்தான் வகுப்பில் நடத்துவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு தாளிலும் இப்படி ஒரு கேள்வி நிச்சயம் உண்டு என்று ஆகிவிட்டால், அதற்கான பயிற்சி தானாக வகுப்புக்குள் வந்துவிடும். இந்தக் கேள்விகளைத் திருத்தக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை ஆசிரியரின் இரவிலிருந்து எடுக்காமல், வேலை நேரத்துக்குள்ளேயே ஒதுக்கித் தருவது பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பு.